கோடியக்கரைக் குதிரை: காட்டு விலங்கா, நாட்டு இனமா?

வேதாரண்யத்துக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கோடியக்கரை. அங்குள்ள சரணாலயத்துக்கு வெளிமான் பார்க்கப் போகிறவர்கள், மணலும் புல்லும் கலந்த வெளியில் குட்டையான குதிரைகள் கூட்டமாக மேய்வதையும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தப் படங்கள் கைபேசிகளில் சுற்றும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழும். ‘டெல்டாவின் நாட்டுக் குதிரை இனம் அழிகிறது, காப்பாற்றுங்கள்’ என்பது ஒன்று. ‘வெளிமானின் புல்லைத் தின்கிற வந்தேறி விலங்கு, அப்புறப்படுத்துங்கள்’ என்பது இன்னொன்று. இரண்டு பேரும் ஒரே குதிரையைத்தான் சொல்கிறார்கள்.

பாதிக் குழப்பம் ‘இனம்’ என்ற நம் சொல்லிலேயே இருக்கிறது. ‘அழிந்துவரும் இனம்’ என்று வனத்துறைப் பலகையில் எழுதினால் அது வெளிமான், ஆலிவ் ரிட்லி கடலாமை மாதிரி தனி உயிர்வகையைக் குறிக்கும். பாடப்புத்தகம் அதைச் சிற்றினம் என்கிறது. ‘உம்பளச்சேரி இனம்’ என்று கால்நடைத் துறைக்காரர் சொன்னால் அது ஒரே சிற்றினத்துக்குள் மனிதர்கள் வளர்த்தெடுத்த ஒரு வழி. ஒரு சொல், இரண்டு பொருள். கோடியக்கரைக் குதிரை இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

1. காட்டு விலங்கு. எந்தத் தலைமுறையிலும் மனிதன் கட்டி வளர்க்காதது. வெளிமான், நரி, காட்டுப்பன்றி எல்லாம் இதில் சேரும். குதிரையில் இப்படி ஒன்று கிட்டத்தட்ட இல்லை. மங்கோலியப் புல்வெளியின் ‘தாக்கி’ என்கிற பிரெவால்ஸ்கி குதிரை ஒன்றுக்குத்தான் அந்தப் பெயர் நிலைத்தது. அதுவும் 1960-களின் கடைசியில் காட்டில் அற்றுப்போய், விலங்குக் காட்சிசாலைகளில் மிஞ்சியவற்றைப் பெருக்கி 1992 முதல் மங்கோலியாவில் திரும்ப விட்டார்கள். அதற்கு 66 குரோமோசோம்; நாம் பார்க்கிற குதிரைக்கு 64. அந்தத் தாக்கியின் முன்னோரையும் ஒரு காலத்தில் மனிதர்கள் வளர்த்திருக்கலாம் என்று 2018-இல் ஒரு பழைய டிஎன்ஏ ஆய்வு சொல்ல, அந்த விவாதம் இன்னும் நடக்கிறது. தென்னிந்தியாவில் வரலாற்றுக் காலத்தில் காட்டுக் குதிரை கிடையாது. குஜராத்தின் கட்ச் உவர்நிலத்தில் திரிகிற காட்டுக் கழுதை குதிரைக்கு உறவு, ஆனால் வேறு சிற்றினம்.

2. காடேறிய விலங்கு. மனிதன் வளர்த்த விலங்கு தப்பியோ, கைவிடப்பட்டோ, தானே மேய்ந்து, தானே இணை சேர்ந்து, பல தலைமுறை கடந்தால் அது காடேறிய விலங்கு. உடம்பு வளர்ப்பு விலங்கின் உடம்பு. வாழ்க்கை காட்டு வாழ்க்கை. அசாமின் திப்ரு-சைக்கோவா தேசியப் பூங்காவில் உள்ள குதிரைகள் இரண்டாம் உலகப் போர்க்கால ராணுவக் குதிரைகளின் வழி வந்தவையாகக் கருதப்படுகின்றன. கோடியக்கரைக் குதிரைகளும் இந்த வகைதான். இதில் விலங்கியல் படித்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

3. இனம், அதாவது வளர்ப்பு இனம். ஒரு வட்டாரத்து மக்கள் ஒரு வேலைக்காகப் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்து, தாயும் தந்தையும் போலவே குட்டியும் பிறக்கும் அளவுக்கு நிலைநிறுத்தியது. இதற்கு மூன்று பேர் வேண்டும்: விலங்கு, நிலம், வளர்ப்பவர். மூன்றாமவர் இல்லாவிட்டால் இனம் என்ற சொல்லுக்கே வேலை இல்லை.

உண்மையான இனம் எப்படி இருக்கும்?

வேறெங்கும் போக வேண்டாம். அதே நாகப்பட்டினம் மாவட்டத்தில், தலைஞாயிறு பக்கம் உம்பளச்சேரி இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரில் வழங்கும் மாட்டைக் கவனித்தால் இனம் என்பதன் இலக்கணம் புரிந்துவிடும்.

உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும். ஆறு மாதம் போல ஆகும்போது அந்தச் சிவப்பு வடிந்து சாம்பல் ஏறும். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, கால்களில் காலுறை போட்ட மாதிரி வெள்ளை, வால் குஞ்சத்திலும் வெள்ளை. உடம்பு பெரிதில்லை, நடுத்தரம்தான். அந்த அளவுதான் அதன் சாமர்த்தியம். கனத்த மாடு டெல்டாச் சேற்றில் புதைந்துபோகும். இது உழவுச் சேற்றில் வெயிலோடு ஆறேழு மணி நேரம் நடக்கும். காளைக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவது இங்கே பழைய வழக்கம். அதனால் மொட்டை மாடு என்றும் பெயர். ஜாதி மாடு, தெற்கத்தி மாடு என்றும் சொல்வார்கள். பால் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் வந்தால் அதிகம். பாலுக்கு இதை யாரும் வளர்க்கவில்லை.

இப்போது கணக்குப் பாருங்கள். தனித்த தோற்றம் இருக்கிறது. அது கன்றிலும் திரும்ப வருகிறது. குறிப்பிட்ட வட்டாரம் இருக்கிறது. குறிப்பிட்ட வேலை இருக்கிறது. ‘இது எங்க மாடு’ என்று சொல்கிற குடியானவர் இருக்கிறார். அரசும் திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கையில் கால்நடைப் பண்ணை வைத்து இதைப் பேணுகிறது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் இப்படிப்பட்ட சான்றுகளைப் பார்த்துத்தான் ஓர் இனத்துக்குப் பதிவெண் கொடுக்கிறது. உம்பளச்சேரிக்கு அது உண்டு.

அந்தப் பணியகத்தின் குதிரைப் பட்டியலில் மார்வாரி, கத்தியவாரி, ஜான்ஸ்காரி, ஸ்பிதி, மணிப்புரி, பூட்டியா, கச்சி-சிந்தி இருந்தன. அண்மையில் மகாராஷ்டிரத்தின் பீம்தடி எட்டாவதாகச் சேர்ந்தது. மாட்டிலும் ஆட்டிலும் செம்மறியிலும் நிறைய இடம் பிடித்திருக்கும் தமிழ்நாட்டுக்குக் குதிரை வரிசையில் ஒரு பெயர்கூட இல்லை.

ஆயிரம் ஆண்டு குதிரை இருந்தும் ஏன் ஓர் இனம் உருவாகவில்லை?

இதுதான் இந்தக் கதையின் சுவாரசியமான இடம். டெல்டாவுக்குக் குதிரை புதிதில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த சரக்குகளைச் சொல்லும்போது பட்டினப்பாலை முதலில் சொல்வதே கடல் வழியாக வந்த குதிரைகளைத்தான். தாராசுரம் கோயிலின் முன்மண்டபத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சிற்பிகள் குதிரை இழுக்கும் தேராகவே செதுக்கியிருக்கிறார்கள். மாணிக்கவாசகர் கதையில் பாண்டியன் பொற்காசு கொடுத்து அனுப்பியது துறைமுகத்தில் இறங்கும் குதிரை வாங்கத்தான். (நரி பரியான அந்தக் கதைக்கு இன்று நேரில் சாட்சி வேண்டுமென்றால் கோடியக்கரைக்குத்தான் போக வேண்டும், இரண்டும் அங்கே ஒரே காட்டில் திரிகின்றன.)

கவனித்தீர்களா? எல்லாக் கதையிலும் குதிரை வந்து இறங்குகிறது. எங்கும் பிறக்கவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையைப் பார்த்த மார்கோ போலோ இதை வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அரேபிய, பாரசீகக் கரைத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் குதிரை வாங்குகிறார்கள். ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்குப் போடுகிறார்கள். நல்ல ஆண் குதிரையும் நல்ல பெட்டையும் சேர்ந்தால்கூடக் கால் கோணிய சின்னக் குட்டிதான் பிறக்கிறது என்பது அவர் குறிப்பு. வெளியூர்க்காரர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அடிப்படை சரிதான், அதற்குக் காரணங்களும் உண்டு.

குதிரையின் குளம்பு ஒரே துண்டு. மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது. சேற்றில் விரிந்து, தூக்கும்போது சுருங்கி வெளியே வரும். குதிரைக் குளம்பு சேற்றில் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். நாள்கணக்கில் ஈரத்தில் நின்றால் குளம்பு மெத்தென்றாகி, அடியில் அழுகலும் பிடிக்கும். குறுவையும் சம்பாவுமாக வருஷத்தில் பல மாதம் தண்ணீர் நிற்கிற நிலம் குதிரைக்குத் தரை இல்லை. அப்புறம் தீவனம். டெல்டாவில் மலிவாகக் கிடைப்பது வைக்கோல். அசைபோடும் மாடு அதை எப்படியோ சமாளிக்கும், குதிரைக்கு அது போதாது. கொள்ளும் புல்லும் வேண்டும். மேய்ச்சல் தரையாக விட்டுவைக்க நிலம் ஏது, எல்லாம் நெல். போதாக்குறைக்குச் சதுப்புப் பகுதிகளில் கடிக்கும் ஈக்கள் பரப்புகிற ‘சர்ரா’ என்னும் ரத்த ஒட்டுண்ணி நோய் மாட்டைவிடக் குதிரையைத்தான் சீக்கிரம் சாய்க்கும்.

ஆக, அரசனுக்குக் குதிரை தேவை, குடியானவனுக்குத் தேவையில்லை. குடியானவனுக்குத் தேவைப்படாத விலங்கு எந்த நாட்டிலும் நாட்டினம் ஆனதில்லை. தஞ்சை மராத்தியர் காலத்தில் குதிரைப் படையும் லாயமும் இருந்தன, குதிரை இலக்கணமும் வைத்தியமும் சொல்லும் சுவடிகள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. ஆனாலும் இருந்தது அரண்மனைக் குதிரை. பின்னால் கும்பகோணம், தஞ்சாவூர் ரயிலடிகளில் ஜட்கா வண்டி இழுத்த குதிரைகளும் வெளியிலிருந்து வாங்கிய கலப்புதான்.

இன்றைக்கும் அதே நிலை. காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர்ப் பக்கம் நடக்கும் எல்கைப் பந்தயம் என்னும் வண்டிப் பந்தயத்தைப் பார்த்தால் கரிச்சான் குதிரை, நடுக்குதிரை, பெரிய குதிரை என்று பிரித்து ஓட்டுகிறார்கள். இந்தப் பெயர்கள் உயரத்தைச் சொல்கின்றன. ‘என்ன ஜாதிக் குதிரை’ என்று கேட்டால் மார்வாரி, கத்தியவாரி அல்லது இரண்டும் கலந்தது என்று பதில் வரும். அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை மாதிரி இடங்களில் சுழி பார்த்து வாங்கி வந்திருப்பார்கள்.

கோடியக்கரையில் மட்டும் எப்படி நிலைத்தது?

மேலே சொன்ன காரணங்களையே தலைகீழாகப் போட்டால் பதில் வந்துவிடும். டெல்டாவின் தென்கோடியில் இருக்கும் இந்த மூலை மட்டும் நெல்வயல் இல்லை. கடல் கொண்டுவந்து சேர்த்த மணல்மேடு, அதன்மேல் பாலை மரமும் முட்புதரும் கலந்த வறண்ட பசுமைமாறாக் காடு, நடுநடுவே புல்தரை, வடக்கே மேற்கே உவர்ச் சதுப்பு. மழைக்காலத்தில்கூடக் காலை ஊன்ற மணல்மேடு கிடைக்கும். குளம்புக்கு ஏற்ற தரை. வேங்கை, சிறுத்தை போன்ற பெரிய ஊனுண்ணிகள் இல்லை. மூன்று பக்கமும் கடலும் சதுப்பும் உப்பளமும் என்பதால் குதிரைகள் வேறெங்கும் பரவவும் வழியில்லை. வந்து சேர்ந்தவை எவையாக இருந்தாலும் அவை தங்கிவிட்டன.

அவை குட்டையாக இருப்பதைக் காட்டித்தான் ‘இது தனி இனம்’ என்று வாதிடுகிறார்கள். உயரம் மட்டும் சான்றாகாது. குதிரையின் உயரத்தைக் கைக்கணக்கில் அளப்பார்கள். ஒரு கை நாலு அங்குலம். பதினாலு கை இரண்டு அங்குலத்துக்கு, அதாவது சுமார் 147 செ.மீ.க்குக் கீழே இருந்தால் மட்டக்குதிரை. உவர்ப்புல்லும் கோடைப் பஞ்சமுமாக வளர்கிற குட்டி, தன் மரபணு அனுமதிக்கும் உயரத்தை எட்டாமலே நின்றுவிடும். அதே குட்டியைக் கொள்ளும் பச்சைப்புல்லும் போட்டு வளர்த்தால் எவ்வளவு உயரும் என்று தெரிந்தால்தான், குட்டை என்பது ரத்தத்தில் உள்ளதா வயிற்றால் வந்ததா என்று சொல்ல முடியும்.

மானுக்கும் குதிரைக்கும் என்ன தகராறு?

கோடியக்கரையைச் சரணாலயமாக 1967-இல் அறிவித்ததே வெளிமானுக்காகத்தான். 2002-இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் ஒப்பந்தப் பட்டியலில் சேர்ந்தது பறவைகளுக்கும் சதுப்புக்கும் கிடைத்த பெருமை. உலகக் கணக்கில் வெளிமானுக்கு உடனடி ஆபத்து இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் கிண்டி, வல்லநாடு, மாயாற்றுப் பக்கம் என்று விரல்விட்டு எண்ணும் இடங்களில்தான் இருக்கிறது. அதனால் இங்கே அதற்குத்தான் முதல் மரியாதை.

இரண்டும் புல் மேய்கிறவை. ஆனால் மேய்கிற விதம் வேறு, அதில்தான் விஷயம் இருக்கிறது. மானுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. புல்லைக் கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே பிடித்துப் பறிக்கும். குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பல் உண்டு. கத்தரிக்கோல் மாதிரி தரையோடு தரையாக நறுக்கும். மான் அசைபோட்டு, குறைந்த தீவனத்திலிருந்து நிறையச் சத்தை எடுக்கும். குதிரைக்குச் செரிமானம் பெருங்குடல் பக்கம் நடப்பதால் சத்து எடுப்பது குறைவு, ஆகவே அளவு அதிகம். ஒரு நாளில் பதினைந்து பதினாறு மணி நேரம்கூட மேயும். சின்ன இடத்தில் இவ்விரண்டும் சேர்ந்தால் நெருக்கடி யாருக்கு என்று ஊகிக்கலாம். மேய்கிற இடத்திலும் தின்கிற தாவரத்திலும் இவ்விரண்டுக்கும் எவ்வளவு பொதுவாக இருக்கிறது என்று கோடியக்கரையில் அளந்து பார்த்த ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அது குதிரையை வெளிமானுக்குப் போட்டியான, வெளியிலிருந்து வந்த விலங்காகவே வைத்துப் பேசுகிறது. கோடையில் குடிதண்ணீரும் சேர்ந்துகொள்ளும். வனத்துறை தொட்டிகளில் ஊற்றுகிற தண்ணீருக்கு எல்லா விலங்கும் வந்தாக வேண்டும்.

மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறான்: சீமைக் கருவேலம். அதன் மஞ்சள் நெற்று இனிப்பாக இருக்கும். குதிரை ஆசையாகத் தின்னும். ஆண் குதிரைகளுக்குத் தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப லத்தி போடும் வழக்கம் உண்டு. மழை விழுந்த பிறகு அந்த மாதிரிக் குவியல் ஒன்றைக் குச்சியால் கிளறினால், விதை செரிக்காமல் அப்படியே இருப்பதைப் பார்க்கலாம். சிலது இரண்டு இலை விட்டு எழுந்திருக்கும். எரு போட்டு நாற்று விட்ட மாதிரிதான். திறந்த புல்வெளி கருவேலங்காடாகும்போது, தூரத்தில் வரும் ஆபத்தைப் பார்த்து ஓடிப் பிழைக்கும் வெளிமானுக்கு அந்தத் திறந்த வெளி இல்லாமல் போகிறது. ஆனால் இதில் பழி முழுவதையும் குதிரை மேல் போடக் கூடாது. வெளிமானும் அந்த நெற்றைத் தின்னும், ஊர் மாடும் ஆடும் தின்னும். கருவேலத்தை அகற்றாமல் குதிரையை மட்டும் அகற்றினால் புல்வெளி திரும்பாது என்பது என் கணிப்பு.

பாதுகாப்பு நிலை என்று எதைச் சொல்வது?

‘அழிவின் விளிம்பில்’ என்று எழுதுவதற்கு முன் எந்த அளவுகோல் என்று கேட்க வேண்டும். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் வளர்ப்பு இனங்களை மதிப்பிடுவதே இல்லை. அதற்கு ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு வைத்த அளவுகோல் உண்டு. நெடுங்காலமாகப் பயன்பட்ட வடிவில் அது இப்படி: குட்டி போடும் பெட்டைகள் 100 அல்லது அதற்குக் கீழ், அல்லது பொலி ஆண்கள் 5 அல்லது அதற்குக் கீழ் என்றால் மிகக் கடுமையான ஆபத்து. பெட்டைகள் 1,000-க்குள், அல்லது ஆண்கள் 20-க்குள் என்றால் ஆபத்து.

ஆணுக்கு ஏன் தனிக் கணக்கு? குதிரைக் கூட்டத்தில் ஓர் ஆணும் சில பெட்டைகளும் குட்டிகளும் ஒன்றாக இருக்கும்; மற்ற ஆண்கள் வெளியே ஒதுங்கி நிற்கும். பிறக்கிற குட்டிகள் எல்லாவற்றுக்கும் இரண்டு மூன்று தகப்பன்தான் என்றால் தலை எண்ணிக்கை ஏமாற்றும். மரபணுக் கணக்கில் உண்மையில் எத்தனை தலை என்று பார்க்க ஒரு சூத்திரம் உண்டு: ஆண் எண்ணிக்கையைப் பெட்டை எண்ணிக்கையால் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுக்க வேண்டும். நூறு பெட்டைக்கு நாலு ஆண் என்று வைத்துக்கொண்டால் 1,600-ஐ 104-ஆல் வகுக்க, கிடைப்பது சுமார் 15. கண்ணுக்கு நூற்று நாலு குதிரை. மரபணுக் கணக்கில் பதினைந்து. ஐம்பது ஆணும் ஐம்பது பெட்டையும் சமமாகச் சேர்ந்தால் அதே கணக்கு நூறு கொடுக்கும். மூன்று பக்கம் அடைத்த கோடியக்கரை போன்ற இடத்தில் புது ரத்தம் வர வழியில்லை என்பதால் இந்த எண்தான் முக்கியம்.

பதிவு பெற்ற இனங்களே தடுமாறுகின்றன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012-இல் நாடு முழுக்க ஆறு லட்சத்துக்கு மேல் இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் சுமார் 3.4 லட்சமாகச் சரிந்தன. போலோ ஆட்டம் பிறந்த மண்ணின் மணிப்புரி மட்டக்குதிரை 2003-இல் 1,898, 2012-இல் 1,101. அதற்கு அரசுக் கொள்கை இருக்கிறது, ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள், சங்கங்கள் இருக்கின்றன. இருந்தும் மேயும் சதுப்புகளைக் கட்டடங்கள் விழுங்க, குதிரை நகரத்துக் குப்பைமேட்டுக்கு வந்தது.

யார் வீட்டுக் குதிரை?

சட்டத்தில் இதன் நிலை விசித்திரமானது.

1. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், 1972: வெளிமானுக்கு முதல் அட்டவணையில் இடம். குதிரைக்கு எந்த அட்டவணையிலும் இடமில்லை.

2. ஆனாலும் சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைந்து எவரும் அதைப் பிடித்துக்கொண்டு போக முடியாது. இடம் காக்கிறது, பெயர் காக்கவில்லை.

3. கால்நடைக் கணக்கெடுப்பு வீடு வீடாகப் போய் எடுப்பது. உரிமையாளர் இல்லாத குதிரை அதில் எந்த வீட்டுக் கணக்கிலும் வராது. தடுப்பூசி, காப்பீடு, இனவிருத்தி உதவி எல்லாம் உரிமையாளர் வழியாகத்தான் போகும்.

4. இனப் பதிவுக்கு விண்ணப்பிக்க வளர்ப்போர் வேண்டும், கால்நடைத் துறையின் ஒப்புதல் வேண்டும். இங்கே முதலாவதே இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் நடுவே கரையேறிக் கோடியக்கரைக் காட்டை உலுக்கி எடுத்தது. அந்த மாதிரி ஒரு இரவில் ஒரே இடத்தில் இருக்கும் மொத்தக் கூட்டமும் பாதியாகலாம். உம்பளச்சேரி மாட்டுக்கு அப்போதும் வேறு ஊர்களில் தொழுவங்கள் இருக்கும். கோடியக்கரைக் குதிரைக்கு இரண்டாவது இடம் இல்லை.

என்னென்ன வழிகள், ஒவ்வொன்றின் விளைவு என்ன?

அப்படியே விடுவது. பெட்டைக்குச் சினைக்காலம் பதினோரு மாதம், ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டி. மெதுவாகத் தெரியும். ஆனால் தீனி கிடைத்து, கொல்ல விலங்கும் இல்லாவிட்டால் காடேறிய குதிரைக் கூட்டம் ஆண்டுக்கு 15 சதவீதம்கூடப் பெருகக்கூடும். அந்த வேகத்தில் ஐந்து ஆண்டில் இரட்டிப்பு. பஞ்ச ஆண்டு வந்தால் பட்டினிச் சாவு. நடுவில் புல்லும் மானும் சேர்ந்து விலை கொடுக்கும்.

மொத்தமாக அகற்றுவது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் கொசியஸ்கோ மலைக் குதிரைகளைப் பாரம்பரியச் சொத்து என்று 2018-இல் சட்டம் போட்டுக் காத்தது; பெருகிப்போனதும் 2023-இல் ஹெலிகாப்டரிலிருந்து சுட அனுமதி கொடுத்தது. ஐந்து ஆண்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. நம் ஊரில் சுடும் பேச்சுக்கே இடமில்லை. பிடித்து வெளியே கொடுத்தால், பழக்கப்படாத காட்டுக்குணக் குதிரையை யார் எந்த வேலைக்கு வாங்குவார் என்ற கேள்வி நிற்கும்.

எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பது. அமெரிக்காவின் மேரிலாந்து கரையோரத்து அசடீக் தீவு கிட்டத்தட்டக் கோடியக்கரை மாதிரியே மணல்திட்டு. அங்கும் காடேறிய மட்டக்குதிரைகள். 1994-இல் தொடங்கி, பெட்டைகளுக்கு ஊசித்துப்பாக்கி மூலம் கருத்தடை மருந்து செலுத்திக் கூட்டத்தை அளவுக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டைக்கு ஏன், ஆணுக்குக் காயடித்தால் போதாதா என்று தோன்றும். ஓர் ஆணுக்குக் காயடித்தால் ஒதுங்கி நிற்கும் இன்னோர் ஆண் அந்த இடத்துக்கு வந்துவிடும். பிறப்பு குறையாது, தகப்பன்களின் எண்ணிக்கைதான் குறையும். மேலே போட்ட கணக்கு இன்னும் மோசமாகும்.

எனக்கு மூன்றாவதுதான் சரியாகப் படுகிறது, கருவேலம் அகற்றும் வேலையோடு சேர்த்துச் செய்தால். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை பாக்கி. இது வெறும் கலப்பா, தனித்துப் பிரிந்த மரபா என்பதைக் குதிரையைத் தொடாமலே சோதிக்கலாம். புதிதாக விழுந்த லத்தியின் மேற்பரப்பில் குடலின் செல்கள் ஒட்டியிருக்கும். கருவேல முள்ளில் சிக்கிய பிடரிமயிரின் வேரிலும் டிஎன்ஏ இருக்கும். தாய்வழி டிஎன்ஏவை அரபு, மார்வாரி, கத்தியவாரி, பீம்தடி, மணிப்புரி மாதிரிகளோடு ஒப்பிட்டால் பெட்டைகள் எந்தத் திசையிலிருந்து வந்தவை என்று தெரியும். மற்ற மரபுக் குறியீடுகளைப் பார்த்தால் எத்தனை தகப்பன் என்றும் தெரியும். தனித்த மரபு என்று வந்தால் கால்நடைத் துறைக்கு வேலை, இரண்டாவதாக ஒரு கூட்டத்தை வேறிடத்தில் வைக்க வேண்டும். கலப்பு என்று வந்தால் இது முழுக்க வனத்துறையின் மேய்ச்சல் நிர்வாகப் பிரச்சினை. கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரத்தநாட்டில் இருக்கிறது. மாதிரி எடுக்க ஒரு கோடைக்காலம் போதும்; எல்லாக் கூட்டமும் தண்ணீர்த் தொட்டிக்கு வந்துதான் தீர வேண்டும்.